அம்மா வைத்த கனகாம்பரம்

பெங்களூரு,
ஆவணி கடைசி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததையும் உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும் படித்து மனசு குளிர்ந்தது. இங்கே அவருக்கு மூட்டுவலி தேவலை. காலையில் தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறார். மற்ற கதையெல்லாம் நேரில் பேசலாம். அந்தக் கனகாம்பரம் பற்றி நீ எழுதியதுதான் ரெண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அம்மா வைத்த செடி பட்டுப்போகிறது, விதை எடுத்து வைக்கலாம் என்று கதிரைக் காயவிட்டால் ஒரு மணிகூடத் தேறவில்லை என்று எழுதியிருந்தாய். தேறாதுடி. பூ பெரிசு, அடர் ஆரஞ்சு என்று நீ சொல்வதைப் பார்த்தால் அது டெல்லி கனகாம்பரம். அந்த ரகத்துக்கு விதை பிடிக்காது. சாதாரணச் செடிக்கு குரோமோசோம் ரெண்டு, நாலு என்று இரட்டைப்படைத் தொகுதியாக இருக்கும், இதற்கு மூன்று. மூன்றை ரெண்டாகச் சரிபாதி பிரிக்க முடியாததால் விதை உருவாகாமலே போய்விடுகிறது. பூவன், நேந்திரன் வாழையில் விதை இல்லாததற்கும் இந்த மூன்று தொகுதி ஒரு முக்கியக் காரணம். நாட்டு ஆரஞ்சும் மஞ்சள் கனகாம்பரமும் அப்படியில்லை. காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் போதும், காய் படீரென்று வெடித்து விதை தெறிக்கும். பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் எச்சில் தொட்டு வெடிக்க விடுவோமே பட்டாசுக்காய், அதுவும் கனகாம்பரமும் ஒரே குடும்பம்தான்.

விதை இல்லையே என்று நீ மனசை விட்டுவிடாதே. இந்த ரகம் இத்தனை ஊருக்குப் பரவியதே ஒருத்தர் ஒடித்துக் கொடுத்த குச்சியை இன்னொருத்தர் நட்டுத்தான். அதோடு, குச்சியில் வருவது அந்தச் செடிக்குப் பிறந்த பிள்ளை இல்லை செல்வி, அதே செடிதான். விதையில் வந்தால் பூவும் நிறமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். குச்சியில் வந்தால் அம்மா தண்ணீர் ஊற்றிய அந்தச் செடியே புது வேரில் நிற்கும்.

தண்ணீர் ஊற்றியும் உச்சி வெயிலில் வாடுகிறது, இலை வெளிறிச் சிறுத்துப்போகிறது என்கிறாய். எனக்கு வேரைத் தாக்கும் நூற்புழு மேல்தான் சந்தேகம். கனகாம்பரத்துக்கு அதுதான் பெரிய எதிரி. ஓரத்தில் லேசாகத் தோண்டி வேரைப் பார். மணி மணியாக முடிச்சோ, கறுத்து அழுகின வேரோ இருந்தால் அந்த வேரைக் காப்பாற்ற நினைக்காதே. புழு இருப்பது மண்ணிலும் வேரிலும்தான். மேலே நுனிக்கிளை சுத்தமாக இருக்கும். செடி முழுசாகச் சாய்வதற்குள் இந்த வாரமே குச்சி எடுத்துவிடு. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் வேர் விட்டிருக்கும்.

விடியற்காலையில், தண்டில் ஈரம் நிறைந்திருக்கும்போது வெட்டு. பூக்கதிர் இல்லாத கிளையாகப் பார். எல்லாக் கிளையிலும் கதிர் இருந்தால் கதிரைக் கிள்ளி எறிந்துவிடு, இல்லாவிட்டால் குச்சி தன் சத்தையெல்லாம் பூவுக்கே கொடுத்துவிடும். தொட்டால் வளையும் இளந்தளிரும் வேண்டாம், பழுப்பேறிய முற்றல் தண்டும் வேண்டாம். வளைத்தால் கொஞ்சம் முறுக்கு காட்டும் நடுப்பருவம்தான் சரி. நீளம் அரை ஜாண் போதும். புது பிளேடால் கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வெட்டாக வெட்டு. கணுவிலிருந்துதான் வேர் சுலபமாகக் கிளம்பும். கீழ் இலைகளை உருவிவிட்டு உச்சியில் ஒரு ஜோடி மட்டும் வை. அதுவும் பெரிய இலையானால் பாதியாக நறுக்கு. வேர் இல்லாத குச்சிக்குத் தண்ணீர் உறிஞ்ச வழி கிடையாது. இலை பரப்பிக்கொண்டு நின்றால் இருக்கிற ஈரமும் ஆவியாகிப் போய்விடும்.

வேர் விட வைக்கும் ரூட்டிங் ஹார்மோன் பவுடர் நர்சரிக் கடையில் கிடைக்கும். வெட்டின முனையை அதில் தொட்டு, ஒரு தட்டு தட்டி அதிகப்படியை உதறிவிடு. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அது இல்லாமலும் கனகாம்பரம் வேர் பிடிக்கும். மண் விஷயத்தில்தான் நான் கண்டிப்பு. தோட்டத்து மண்ணும் வேண்டாம், எருவும் வேண்டாம். கழுவின ஆற்று மணல் பாதி, கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் பாதி. எருவில் வைத்தால் வெட்டுவாய் அழுகிவிடும். பென்சிலால் குழி போட்டு அதில் குச்சியை இறக்கி, சுற்றி விரலால் அழுத்து. நேராகக் குத்தினால் பவுடர் மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும். அடி வெட்டின தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வெளிச்சம் வரும் நிழலில் வை. தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து காற்று விடு. மணல் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

முதலில் வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு தடிப்பு கட்டும். வேர் பெரும்பாலும் அதை ஒட்டியும் கணுவிலிருந்தும் வரும். மூன்று, நாலு வாரம் ஆகலாம். நடுவில் புதுத்தளிர் வந்தது என்று பிடுங்கிப் பார்க்காதே. தண்டில் மிச்சமிருக்கும் சத்திலேயே தளிர் வந்துவிடும், வேர் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. லேசாக மேலே இழுத்துப் பார், கையை எதிர்த்துப் பிடித்தால் வேர் இருக்கிறது.

அப்புறம் தொட்டிக்கு மாற்று. செம்மண், மணல், மண்புழு உரம், கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பழைய செடி இருந்த இடத்தில் மட்டும் திரும்ப நட்டுவிடாதே. அந்த இடத்தில் செண்டுமல்லி போடு, அதன் வேருக்கு நூற்புழு அடங்கும். சித்திரை வெயிலில் மண்ணை நனைத்துக் கண்ணாடி பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் மூடி வைத்தாலும் நல்லது. திருச்சி வெயிலுக்கு மண் நன்றாக வெந்துவிடும். எனக்கு இங்கே அந்தச் சூடு கிடைக்காது. மார்கழி ராத்திரிக் குளிரில் என் செடியெல்லாம் வளராமல் அப்படியே நிற்கும். ஆனி முதல் ஆவணி வரை தூறலும் மேகமுமாக இருக்கும் இந்த நாட்கள்தான் பெங்களூரில் குச்சி நட ஏற்ற சமயம்.

வரமகாலட்சுமி விரதத்துக்கு கே.ஆர். மார்க்கெட்டில் கனகாம்பரம் விலையைக் கேட்டு அசந்துபோனேன். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15,000 பூ நிற்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கையால் கதிரிலிருந்து உருவுகிறார்கள் என்று நினைத்தால் விலை கேட்டுப் பேரம் பேச வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா என் தொட்டியில் பூத்ததை மல்லிகையோடு சேர்த்துக் கட்டிக் கலசத்துக்கு வைத்தார்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அர்கா அம்பரா, அர்கா கனகா என்று புது ரகமெல்லாம் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு நடை போய்ப் பார்க்க ஆசை.

என்னிடமும் டெல்லி ரகம் இருக்கிறது. நாலு குச்சி அனுப்பு என்றால் அனுப்பிவிடுவேன், பூவில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் உனக்கு வேண்டியது அம்மா கைபட்ட செடி, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். ஒன்றிரண்டோடு நிறுத்தாதே, ஒரு பத்துக் குச்சியாவது வை. சிலது போகும். மிஞ்சுவதைத் தங்கச்சி வீட்டிலும் ஒன்று வைக்கச் சொல். ஒரே தொட்டியை நம்பி இருக்காதே.

தீபாவளி கழிந்து ரயிலில் வருகிறேன் என்றாயே, அப்போது எனக்கும் ரெண்டு குச்சி வெட்டிக் கொண்டு வா. வேரோடு வேண்டாம், மண் ஒட்டாத நுனிக்குச்சியாக ஈரப் பேப்பரில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஒரு ராத்திரி தாங்கும். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
கல்யாணி