விசார்டை உருவாக்கும் முன் கணக்குப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பற்றி அறிமுகக் கட்டுரை வெளியிட்டதற்கு நன்றி. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்ட, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு இது. தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆனால் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தி புதியவர்களைத் தவறான வழியில் அனுப்பிவிடும். மந்திரம் போடும் பாத்திரம் வேண்டுமென்றால், புத்தகத்தில் எழுதிவைத்த மந்திரங்களைப் போடும் விசார்டை எடுத்து, அதிக சேதம் தரும் ஆறு மந்திரங்களை அந்தப் புத்தகத்தில் எழுதிக்கொண்டால் போதும் என்கிறது அது. அப்படிக் கிளம்பும் விசார்ட் பெரும்பாலும் முதல் சண்டையிலேயே தரையில் விழுந்து கிடப்பார். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதல் கோளாறு, எந்த ஆண்டு விதி என்று சொல்லாதது. ஐந்து எட்டுமுகப் பகடைகளை உருட்டி, கிடைக்கும் கூட்டுத்தொகை தீரும்வரை எதிரிகளை ‘ஸ்லீப்’ மந்திரத்தால் தூங்கவைக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். அது 2014-இல் வந்த விதிப்புத்தகம். அடுத்த வரியிலேயே, பாத்திரத்தின் பின்னணியைப் பொறுத்துத் திறன் மதிப்பெண் கூடும் என்கிறீர்கள். இது 2024 புத்தகம். 2024-இன் ஸ்லீப் வேறு: ஐந்தடி ஆரத்துக்குள் நாம் குறிக்கும் எதிரிகள் விஸ்டம் சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) போட வேண்டும், தவறினால் முதலில் செயலிழப்பார்கள், அவர்களுடைய அடுத்த முறையின் முடிவில் மறுபடியும் தவறினால்தான் தூக்கம். கான்சன்ட்ரேஷனும் வேண்டும், அதாவது மந்திரம் நிற்க, போட்டவரின் கவனம் கலையாமல் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு மேசைக்குப் போனால் முதல் அரை மணி நேரம் வாக்குவாதத்தில் போய்விடும். நான் கீழே சொல்வதெல்லாம் 2024 விதிப்படி.

விசார்ட்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் இருக்கிறது. ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்த நீண்ட ஓய்வுக்கும் நடுவே எத்தனை சண்டை வரும், ஒரு மணி நேரக் குறுகிய ஓய்வு கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். குறுகிய ஓய்வு அடிக்கடி கிடைக்கும் மேசையில், ஒப்பந்தத்தால் மந்திரசக்தி பெற்ற வார்லாக் கொழிப்பார். முதல் லெவலில் அவருக்கு ஒரே ஸ்லாட்தான் (ஒரு மந்திரம் போட ஒரு ஸ்லாட் செலவாகும்) என்றாலும் ஒவ்வொரு ஓய்விலும் அது திரும்பிவிடும். ஓய்வே தராத டிஎம்மிடம் அதே வார்லாக் பாவம். பிறவியிலேயே மந்திரசக்தி கொண்ட சார்சரருக்கு முதல் லெவலில் தயார்நிலையில் இரண்டே மந்திரங்கள், அவற்றையும் லெவல் ஏறும்போதுதான் ஒவ்வொன்றாக மாற்ற முடியும். பதிலுக்கு, அடி வாங்கினாலும் மந்திரம் கலையாமல் காக்கும் கான்ஸ்டிடியூஷன் சேவில் தேர்ச்சி உண்டு. தெய்வத்தின் அருளால் மந்திரம் போடும் க்ளெரிக்குக்கு எட்டுமுக ஹிட் டைஸ் (எவ்வளவு சேதம் தாங்குவார் என்பதைக் கணக்கிடும் பகடை), நடுத்தரக் கவசம், கேடயம். புதியவருக்கு என் சிபாரிசு க்ளெரிக்தான். குறிப்பேடும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவதில் ருசி இருப்பவருக்குத்தான் விசார்ட்.

அந்த ருசி இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். திறன்களுக்குரிய எண்கள் 15, 14, 13, 12, 10, 8. இன்டெலிஜென்ஸுக்கு 15, டெக்ஸ்டெரிட்டிக்கு 14, கான்ஸ்டிடியூஷனுக்கு 13, விஸ்டமுக்கு 12, கரிஸ்மாவுக்கு 10, ஸ்ட்ரெங்த்துக்கு 8. பின்னணி ‘சேஜ்’. அது தரும் கூடுதல் மதிப்பெண்ணில் இரண்டை இன்டெலிஜென்ஸிலும் ஒன்றைக் கான்ஸ்டிடியூஷனிலும் போட்டால் 17-உம் 14-உம் ஆகும். எதிரி நம் மந்திரத்தைத் தாண்ட எடுக்க வேண்டிய எண் 8 + 2 (தேர்ச்சிக்கு) + 3 (இன்டெலிஜென்ஸ் 17-க்கு) = 13.

ஹிட் பாயின்ட், அதாவது தாங்கக்கூடிய சேதம், 6 (விசார்ட் வகுப்புக்கு) + 2 (கான்ஸ்டிடியூஷன் 14-க்கு) = 8. இங்கேதான் பெட்டிச் செய்தி சறுக்குகிறது. சாதாரண கோப்ளின் (குட்டி அரக்கன்) ஒன்று இருபதுமுகப் பகடையில் 4 கூட்டி அடிக்கும். பட்டால் சராசரியாக ஐந்து போகும். இரண்டு அடியில் நம் ஆள் காலி. கவசமில்லாத விசார்டின் ஆர்மர் கிளாஸ் (தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) 12, ஆகவே கோப்ளின் இருபதில் பதின்மூன்று முறை அடித்துவிடும். ‘மேஜ் ஆர்மர்’ மந்திரம் போட்டால் ஆர்மர் கிளாஸ் 15, இருபதில் பத்து. அடி பட்டதும் ரியாக்‌ஷனாக ‘ஷீல்ட்’ சொன்னால் 20, இருபதில் ஐந்து மட்டும். ஆறு தாக்குதல் மந்திரங்களை நிரப்பியவரிடம் இந்த இரண்டுமே இருக்காது. டுவார்ஃப் இனத்தை எடுத்தால் லெவலுக்கு ஒரு ஹிட் பாயின்ட் கூடும். அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

ஸ்லாட் கணக்கு இன்னும் இறுக்கம். முதல் லெவலில் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்லாட். குறுகிய ஓய்வில் ‘ஆர்கேன் ரிக்கவரி’ மூலம் ஒன்று திரும்பும். ஆக மூன்று. மேஜ் ஆர்மருக்கே ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சம் இரண்டு. ஆனால் சேஜ் பின்னணியோடு ‘மேஜிக் இனிஷியேட்’ சலுகை வருகிறது: இரண்டு கேன்ட்ரிப் (ஸ்லாட் கேட்காத எளிய மந்திரம்), ஒரு முதல் நிலை மந்திரம், அதை நாளுக்கொரு தடவை ஸ்லாட் இல்லாமலே போடலாம். மேஜ் ஆர்மரை அங்கே வையுங்கள். எட்டு மணி நேரம் நிற்கும் மந்திரம் என்பதால் ஒரு தடவையே பெரும்பாலும் போதும்.

இனி புத்தகத்தில் எழுத ஆறு. இந்த ஆறில் ஒரே நேரத்தில் நான்கைத்தான் தயார்நிலையில் வைக்க முடியும். சடங்காகப் போடக்கூடியவற்றுக்கு மட்டும் விலக்கு: அவற்றைத் தயார் செய்யத் தேவையில்லை, ஸ்லாட்டும் செலவாகாது, பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அதனால் ஆறில் இரண்டு சடங்கு மந்திரங்கள்: ‘ஃபைண்ட் ஃபெமிலியர்’, ‘டிடெக்ட் மேஜிக்’. மற்ற நான்கு: ஷீல்ட், ஸ்லீப், ‘மேஜிக் மிசைல்’, ‘ஃபெதர் ஃபால்’. தாக்குதல் என்று சொல்ல இதில் ஒன்றே ஒன்று. மேஜிக் மிசைல் மூன்று அம்புகள், ஒவ்வொன்றும் நான்குமுகப் பகடையோடு ஒன்று, குறி தப்பாது; சாகக்கிடக்கும் எதிரியை முடிக்க அதை மிச்சம் வைத்திருங்கள். அன்றாடச் சண்டைக்கு ஸ்லாட் கேட்காத கேன்ட்ரிப் போதும்: 120 அடி பாயும் ‘ஃபயர் போல்ட்’, எதிரியின் வேகத்தைப் பத்தடி குறைக்கும் ‘ரே ஆஃப் ஃப்ராஸ்ட்’.

ஃபைண்ட் ஃபெமிலியரில் ஆந்தையைக் கூப்பிடுங்கள். அதற்கு ஒரே ஹிட் பாயின்ட்தான், தாக்கவும் முடியாது. ஆனால் பறந்து வந்து எதிரியின் கவனத்தைக் கலைத்து, பதிலடி வாங்காமல் விலகிப் போகும். அந்த எதிரிமேல் அடுத்து அடிக்கும் நம் தோழருக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டி அதிகமானதை எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பத்து தங்கக் காசு மதிப்புள்ள தூபம் எரிந்து தீர வேண்டும். தொடக்கப் பொருள் பட்டியலை அப்படியே எடுத்தால் விசார்ட் வகுப்பு தரும் காசு 5, சேஜ் பின்னணி தருவது 8. தூபம் வாங்கிய பின் கையில் மூன்று காசு. (அதே பட்டியலில் இரண்டு தடியும் இரண்டு அங்கியும் வந்து சேரும், ஒரு தடியை விற்றுவிடலாம்.) இரண்டு கையிலும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஷீல்ட் மந்திரத்துக்குக் கை அசைவு வேண்டும். ஒரு கையில் தடி, மறு கையில் குத்துவாள் என்று நின்றால் கண்டிப்பான டிஎம் அனுமதிக்க மாட்டார்.

கான்சன்ட்ரேஷன் பற்றிப் பெட்டிச் செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கான்சன்ட்ரேஷன் மந்திரம்தான் நிற்கும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது கலையும். அடி பட்டால் 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அதைக் கான்ஸ்டிடியூஷன் சேவில் எட்ட வேண்டும். நம் விசார்டுக்குக் கூட்டல் இரண்டே; சின்ன அடிக்கே இருபதில் ஏழு முறை மந்திரம் போய்விடும். ஆகவே புது மந்திரம் எழுதும்போதெல்லாம் ‘இதற்கு கான்சன்ட்ரேஷன் உண்டா’ என்று பார்த்து, உண்டு ஒன்று, இல்லாதது ஒன்று என்று எடுங்கள். மூன்றாம் லெவலில் ‘வெப்’பும் ‘மிஸ்டி ஸ்டெப்’பும் அப்படிப்பட்ட ஜோடி.

ஐந்தாம் லெவலில் ‘ஃபயர்பால்’. எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதன் ஆரம் 20 அடி. ஐந்தடிக் கட்டம் போட்ட வரைபடத்தில் குறுக்கே எட்டுக் கட்டம், அதற்குள் நிற்கும் நம் ஆட்களும் வேகுவார்கள். விசார்டின் உட்பிரிவான எவோக்கர் பிரிவை எடுத்தால் தோழர்களைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை 2014-இன் மிச்சம். 2024-இல் அந்தத் திறன் ஆறாம் லெவலில்தான் வருகிறது. நடுவில் ஒரு லெவல் முழுக்க, முன்வரிசைச் சண்டைக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துத்தான் வீச வேண்டும்.

புத்தகம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதையும் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நம்முடைய மந்திரங்களுக்குப் பிரதி எடுக்க, மந்திரத்தின் நிலை ஒன்றுக்கு ஒரு மணி நேரம், பத்துக் காசு. வெற்றுப் புத்தகத்தின் விலை தனி. முதல் நிலை மந்திரங்கள் ஆறுக்கும் பிரதிச் செலவு 60 காசு. வேறொரு விசார்டின் புத்தகத்திலிருந்து புதிதாக எழுதினால் நிலைக்கு இரண்டு மணி நேரமும் 50 காசும். முதல் புதையல் கிடைத்ததும் பிரதிக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன பின்னணி, மந்திரங்கள், எவோக்கர் பிரிவு எல்லாமே 2025-இல் இலவசமாக வெளியிடப்பட்ட ‘சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் 5.2’-இல் இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால், மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்த்து அச்சிடத் தடையில்லை. அடுத்த பகுதியில் படங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியைக் கொடுத்து, ஒரு பக்கப் பாத்திரத் தாளைத் தமிழில் வெளியிடுங்கள். அதன் தலையில் எந்த ஆண்டு விதி என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்