செயலாளர் ஆண்டறிக்கை: கால் எரிச்சலும் மக்னீசியமும்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சர்க்கரை நோயாளர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. அண்ணா பூங்காவில் காலை நடை தொடர்கிறது; நடை முடிந்து சர்க்கரை போட்ட டீ குடிப்பதும் தொடர்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் அடிபட்ட பேச்சு மக்னீசியம் என்பதால் நேரே அதற்கு வந்துவிடுகிறேன்.

மக்னீசியம் மாத்திரை போட்டால் கால் எரிச்சலும் மதமதப்பும் போய்விடும் என்று யாரோ சொல்ல, சிலர் மருந்துக்கடையில் வாங்கியே விட்டார்கள். "சேலம் கருப்பூர் பக்கம் மலையே வெள்ளைக்கல்லா கிடக்குது, நமக்கு மக்னீசியம் பத்தாதுங்களா?" என்று ஒருவர் கேட்டார். வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட்தான், ஆனால் அது உருக்காலை உலைக்குள் பதிக்கும் கல்லுக்குப் போகிறது. நமக்கு வேண்டியது சாப்பாட்டில்தான் வர வேண்டும். பேச்சு முற்றவே, ஒரு சர்க்கரை நோய் மருத்துவரை அழைத்துப் பேசச் சொன்னோம்.

அவர் சொன்னதன் சாரம் இது. உடம்பில் மக்னீசியம் சுமார் 25 கிராம். பாதிக்கு மேல் எலும்பில். ரத்த நீரில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் ரத்த ரிப்போர்ட்டில் வழக்கமான அளவான டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மில்லிகிராமுக்குள் இருந்தாலும் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், அதோடு மக்னீசியமும் போகும். நீர் மாத்திரையும் குறைக்கும். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற வயிற்று மாத்திரைகளை நீண்ட நாள் போட்டால் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011லேயே எச்சரித்திருக்கிறது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் மஞ்சப்பையைத் திறந்து மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

சர்க்கரையில் கால் எரிவது பெரும்பாலும் நரம்பு கெடுவதால்தான். அந்த நரம்பு வேலை செய்ய மக்னீசியம் வேண்டும். டைப் 2 சர்க்கரையில் நரம்பு பாதித்தவர்களிடம் அது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மக்னீசியம் குறைந்ததால் நரம்பு கெட்டதா, பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை இரண்டையும் கெடுத்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. அதோடு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே எரிச்சல்தான் வரும். முதலில் அதைப் பார்க்கச் சொன்னார். கிட்னி பழுதானவர் தானாக மாத்திரை வாங்கிப் போட்டால் மக்னீசியம் ரத்தத்தில் தேங்கி, பிரஷர் இறங்கி, இதயத் துடிப்பும் குறையலாம். கிட்னி பழுதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார்.

சாப்பாட்டில் கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை எல்லாம் நல்லது என்றார். களி என்றாலும் அளவு உண்டு, சர்க்கரை ஏறும். தட்டுவடை செட்டில் மக்னீசியம் உண்டா என்று கேட்டவர் பெயரை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

அப்புறம் பாதப் பரிசோதனை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி ஒரு அம்மாவின் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிருதுங்களா?" என்றார் மருத்துவர். அந்த அம்மா, "எப்ப வைப்பீங்க?" என்றார். கவை அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. கால் மரத்ததே தெரியாமல் இருப்பவர்கள் நம்மில் உண்டு என்பதை அன்றைக்குத்தான் பலர் நம்பினார்கள்.

ஏற்காடு சுற்றுலாவிலும் இதே கதை. சேர்வராயன் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெயில் பாறையில் நின்ற ஒருவருக்கு உள்ளங்காலில் கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை, வீட்டுக்காரம்மாதான் இரவில் பார்த்திருக்கிறார். புண் ஆற வெகுநாள் ஆனது.

ஆகவே, சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு இசைக்கவையும், உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் தொட்டுப் பார்க்கும், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையும் வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரை வைத்து எல்லார் காலையும் பார்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். செலவுக்குச் சந்தாவைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். ஆட்சேபம் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுப் பந்தியில் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்