கடலூரில் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு மேட்டு நிலம் ஒதுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பகுதிப் பெற்றோர்கள், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், கடலூர்.

பொருள்: பொழுதுபோக்குப் பூங்கா அமைக்க வெள்ளம் ஏறாத அரசு நிலத்தைக் கண்டறிந்து ஒதுக்க வேண்டுதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன கோடை விடுமுறையில் எங்கள் தெருவிலிருந்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, சென்னைப் பக்கம் உள்ள ஒரு பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். மரக்காணம் தாண்டுவதற்குள் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பும்போது இரவு ஒரு மணி. நனைந்த துணிப் பையை மடியில் வைத்தபடியே என் மகள் தூங்கிப்போயிருந்தாள். வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு என்று ஆன செலவை ஈடுகட்ட எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. மற்றபடி எங்கள் பிள்ளைகளுக்கு ராட்டினம் என்றால் தை 5-ஆம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழாவில் கிடைப்பதுதான்.

தமிழ்நாட்டின் பெரிய பூங்காக்கள் பல சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. விஜிபி, எம்ஜிஎம், குயின்ஸ்லாந்து, கிஷ்கிந்தா எல்லாம் நகரத்தின் ஓரத்தில் வந்தவை. 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவும் திருப்போரூர் அருகே இள்ளலூரில்தான் உள்ளது. ஊருக்குள் அவ்வளவு நிலம் கிடைக்காது. ரொம்பத் தள்ளிப் போனால் கூட்டம் வராது. மேட்டுப்பாளையம் அருகே பிளாக் தண்டர் பூங்கா நிற்கிறதென்றால், பக்கத்தில் கோவை, மேலே ஊட்டி.

முதலீடு செய்பவர்கள் ஓர் ஊரைச் சுற்றி வட்டம் போட்டு மக்களை எண்ணுகிறார்கள். கடலூரைச் சுற்றிப் போட்டால் கிழக்குப் பாதி கடலில் விழுகிறது. சென்னைக்கும் அப்படித்தான், ஆனால் அங்கே மீதிப் பாதியே போதும். நம் வட்டத்தை மாநில எல்லையும் வெட்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர், புதுச்சேரி மாவட்டத்தில் 9.5 லட்சம் பேர். தனித்தனியாகப் பார்த்தால் சிறிய ஊர்கள் போலத் தெரியும். கூட்டினால் 35 லட்சத்துக்கு மேல், விழுப்புரத்தைச் சேர்க்காமலே. புதுச்சேரிக்கு விடுமுறைக்கு வரும் கூட்டம் தனி. அங்கிருந்து கடலூருக்கு டவுன் பஸ் தூரம்தான்.

சரி, இடம் எங்கே? பூங்கா என்றதும் எல்லோரும் தேவனாம்பட்டினத்தில் உள்ள வெள்ளி கடற்கரையைத்தான் கை காட்டுவார்கள். வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறோம். 2004 சுனாமியைத் தேவனாம்பட்டினம் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியதும் இங்கேதான். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொடிந்து உதிர்கிறது; பிள்ளைகளைத் தாங்கும் ராட்டினத்தின் போல்ட்டை அந்தக் காற்றில் விடலாமா? ஆற்றோரத் தாழ்வான நிலமும் ஆகாது. ஃபெஞ்சல் புயலை ஒட்டி 2024 டிசம்பரில் பெண்ணையாறு பெருகி வீடுகளுக்குள் புகுந்ததைத் தாங்களும் அறிவீர்கள்.

கேப்பர் மலைப் பக்கம் செம்மண் மேடு இருக்கிறது. அங்கேயும், அதுபோன்ற மற்ற மேட்டுப் பகுதிகளிலும் உள்ள அரசுப் புறம்போக்கை வருவாய்த் துறை அளந்து பார்க்க உத்தரவிட வேண்டுகிறோம். முந்திரித் தோப்பையோ விவசாய நிலத்தையோ தொட வேண்டாம். நீர் விளையாட்டுகள் வைப்பதானால், நிலத்தடி நீரைக் கணக்குப் பார்த்து, அதே தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் அனுமதி என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். குடிதண்ணீரை விட்டுக்கொடுத்து எங்களுக்குப் பூங்கா வேண்டாம். சுற்றுலாத் துறையும் புதுச்சேரி அரசும் கலந்து பேசத் தாங்கள் முன்கை எடுக்க வேண்டும். அப்புறம், தனியாரிடம் நடத்தக் கொடுத்தாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும், பேருந்து நிலையத்திலிருந்து நேரடி பஸ்ஸும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

நிலம் பார்வையிட வரும் நாளைத் தெரிவித்தால் நாங்களும் உடன் வருகிறோம். மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிற்காது என்று காட்ட முடியும்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பகுதிப் பெற்றோர்கள்