உங்கள் வண்டி நேரத்துக்குத்தான் வருகிறது

அனுப்புநர்: குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு
பெறுநர்: சேவை மேலாளர், நோயாளி இடமாற்ற ஆம்புலன்ஸ் நிறுவனம்

பொருள்: குடல்வால் அழற்சியோடு (அப்பெண்டிசைட்டிஸ்) எங்களிடம் கொண்டுவரப்படும் குழந்தைகளுக்கு வழியில் நேரும் குறைபாடுகள் குறித்த புகார்

ஐயா / அம்மையீர்,

உங்கள் மாதாந்திர அறிக்கை கிடைத்தது. அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், எங்கள் வாசலில் வந்து நின்ற நேரம் எல்லாம் நிமிடக் கணக்கில் சுத்தமாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்தைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. எங்கள் புகார் வேகத்தைப் பற்றியது அல்ல. வண்டி நேரத்துக்கு வருகிறது, ஆனால் அதிலிருந்து இறங்கும் குழந்தை ஏறியபோது இருந்ததைவிடக் களைத்து, காய்ந்து, சில சமயம் மோசமாகி வருகிறது. வழியில் என்ன விட்டுப்போயிற்று என்று கேட்க உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

முதலில் உங்கள் அழைப்பு மையம். "வயிற்று வலி, சுயநினைவு உண்டு" என்றாலே எல்லாக் குழந்தையும் ஒரே வரிசையில் போய் நிற்கிறது. குடல்வால் இன்னும் வெடிக்காத குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தொடங்கியாகிவிட்டால், அறுவை சில மணி நேரம் தள்ளிப்போவதால் பெரிய நஷ்டமில்லை. அதற்குச் சைரனும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். மேடுபள்ளத்தில் நிதானமாக ஓட்டினால் போதும், ஒவ்வொரு குலுக்கலும் வயிற்றில் குத்தும். வெடித்து வயிறெங்கும் சீழ் பரவிய குழந்தையின் கதை வேறு. அதற்கு உடனே வண்டி வேண்டும், கூடவே ஒரு செவிலியரோ மருத்துவரோ வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியப் பெரிய படிப்பு தேவையில்லை. வயது, காய்ச்சல், நாடித்துடிப்பு, குதிக்கவோ நடக்கவோ முடிகிறதா, வயிறு முழுவதும் இறுகியிருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். வயதைத் தவறாமல் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நினைத்து நாள் கழிந்துவிடும். நோய் இன்னதென்று தெரியும்போதே பெரும்பாலும் வெடித்திருக்கும்.

இதை ஒட்டி இன்னொன்று. உங்கள் பணியாளர்கள் வழிப் படிவத்தில் "வலி குறைந்துவிட்டது, குழந்தை தூங்குகிறது" என்று நல்ல செய்திபோல எழுதுகிறார்கள். வலி மருந்து கொடுத்திருந்தால் சரி. கொடுக்காத குழந்தைக்கு வலி சட்டென்று அடங்கினால் குடல்வால் வெடித்திருக்கலாம். உள்ளே இருந்த அழுத்தம் விட்டுப்போவதால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், பிறகு வயிறு முழுக்கப் பற்றிக்கொள்ளும். அந்த வரியை எழுதியவர் அடுத்த வரியில் நாடித்துடிப்பையும் எழுதியிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த இடம் காலியாக வருகிறது, அல்லது கிளம்பும்போது எழுதிய எண்ணே கடைசிவரை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது.

இனி ட்ரிப்ஸ். இதைத்தான் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கதவைத் திறந்தால் சலைன் பை குழந்தையின் தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது. கொக்கியில் மாட்டினால் ஆடுகிறதாம். பை உயரத்தில் இல்லாவிட்டால் திரவம் இறங்காது, ரத்தம்தான் குழாயில் பின்னேறும். ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்து உறைந்த ரத்தத்தோடு குழாய் வந்து சேர்கிறது, அதோடு கையில் குத்தியிருக்கும் கேனுலா என்ற அந்தச் சிறு குழலின் ஆயுள் முடிந்தது. கொக்கியில் மாட்டியிருந்தாலும் கேனுலா முழங்கை மடிப்பில் இருந்தால் இதே கதிதான். வலியில் குழந்தை கையை மடக்கிச் சுருண்டு படுக்கும், ட்ரிப்ஸ் நின்றுவிடும். கிளம்பும் முன் கைக்கு ஒரு சிம்பு வைத்துக் கட்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இழப்பு எவ்வளவு என்பதையும் பாருங்கள். 22 கிலோ குழந்தைக்கு வெறுமனே அன்றாடத் தேவைக்கே மணிக்கு 62 மி.லி. வேண்டும்: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 4 மி.லி. வீதம் 40, அடுத்த 10 கிலோவுக்கு 2 வீதம் 20, மிச்சம் 2 கிலோவுக்கு 1 வீதம் 2. இரண்டு மணி நேரப் பயணத்தில் ட்ரிப்ஸ் நின்றிருந்தால் 124 மி.லி. போயிற்று. இது ஏற்கெனவே வாந்தியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் இழந்ததற்கு மேல். காய்ந்த குழந்தைக்கு நரம்பு கிடைக்காது, இங்கே வந்தபிறகு மறுபடி மறுபடி குத்த வேண்டியிருக்கிறது. திரவத்தை அளவாகச் செலுத்தும் பம்ப் இருந்தால் நல்லது, ஆனால் பேட்டரி தீர்ந்த பம்ப் வெறும் சுமை. பம்ப் இல்லாவிட்டால் சிறு துளிகளாக விடும் மைக்ரோ ட்ரிப் செட் வைத்திருங்கள். அதில் 60 துளி ஒரு மி.லி., ஆகவே நிமிடத்துக்கு 62 துளி விழுந்தால் மணிக்கு 62 மி.லி. கணக்கே போட வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் போதும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் அனுப்பும் மருத்துவமனைக்கும் பங்கு உண்டு. "வழியில் ஓடட்டும்" என்று மாட்டிவிட்டு அனுப்புகிறார்கள். பாதிப் பையோடு வண்டி வந்து சேர்கிறது. எவ்வளவு உள்ளே போயிற்று, எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி முழு அளவு கொடுப்பதா, விட்டுவிடுவதா? மெட்ரோனிடசோலோ செஃப்ட்ரியாக்சோனோ, மருந்தின் பெயர், மி.கி. அளவு, தொடங்கிய மணி, முடிந்த மணி நான்கையும் எழுதி வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். செஃப்ட்ரியாக்சோனை ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ் திரவம் ஓடிக்கொண்டிருக்கும் அதே குழாயில் சேர்த்து விடவும் கூடாது. ரிங்கரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து மருந்து படிந்துவிடும். ஒன்றை நிறுத்தி, குழாயைச் சலைனால் கழுவிய பிறகே மற்றது.

எடையும் அப்படித்தான். "சுமார் 25" என்று எழுதி வருகிறது. எல்லா மருந்தும் கிலோவுக்கு இவ்வளவு என்று போகும்போது "சுமார்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

வலி மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறோம். அறுவை மருத்துவர் பார்க்கும்வரை வலிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. அளவோடு கொடுத்த வலி மருந்து நோயை மறைப்பதில்லை. வலியோடு அனுப்பச் சொல்லும் மருத்துவமனைகளுக்கு நாங்கள் தனியாக எழுதுகிறோம். நீங்கள் செய்ய வேண்டியது, கிளம்பும் முன் "வலிக்கு என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்பது. விடை தெரியாவிட்டால் பாராசிட்டமால் இங்கே இரண்டாம் முறை போகும் அபாயம் இருக்கிறது.

உங்கள் மானிட்டர்களும், ரத்த அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பி.பி. கஃப்களும் பெரியவர்களுக்கானவை. பெரிய கஃபைச் சின்னக் கையில் சுற்றினால் ரத்த அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சின்னக் கஃப் பெரிய கையில் இருந்தால் கூட்டிக் காட்டும். மூன்று அளவு கஃப்களாவது வண்டியில் வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு நாடித்துடிப்பு 110 இருப்பது இயல்பு. பெரியவர்களுக்கு வைத்த எல்லையில் மானிட்டர் அதற்கே கத்தும், எரிச்சலில் ஒலியை அணைத்துவிடுகிறார்கள். அதன்பிறகு 160 போனாலும் சத்தம் வராது. ஒரு வயது முதல் பத்து வயது வரை மேல் அழுத்தத்தின் கீழெல்லை 70 கூட்டல் வயதின் இரு மடங்கு. ஆறு வயதுக்கு 82. ஆனால் குழந்தைகளிடம் அழுத்தம் கடைசியில்தான் விழும். அது விழுவதற்கு முன்பே துடிப்பு ஏறும், கைகால் சில்லிடும், நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நேரமாகும். எண் சரியாக இருக்கிறது என்று யாரும் நிம்மதியாகிவிட வேண்டாம்.

குழந்தை அழுகிறதே என்று வண்டியில் பிஸ்கட் கொடுக்கிறார்கள். அன்பு புரிகிறது. ஆனால் திட உணவு உள்ளே போனால் மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்மாவின் மடியில் வைத்துக் கொண்டுவருவதும் வேண்டாம். ஸ்ட்ரெச்சரில் குழந்தைகளுக்கான பட்டை போட்டுக் கட்டுங்கள், திடீர் பிரேக்கில் மடியால் பிடித்துக்கொள்ள முடியாது.

ஆவணங்கள். ஸ்கேன் குறுந்தட்டு உள்ள உறை வண்டியிலேயே தங்கிப்போகிறது. எங்கள் கையில் கிடைப்பது அறிக்கையைக் கைபேசியில் எடுத்த ஒரு மங்கலான படம். "குடல்வால் 6 மி.மீ.க்கு மேல்" என்ற ஒற்றை வரியை வைத்து முடிவெடுக்க முடியாது. தடித்திருக்கிறதா, அழுத்தினால் அமுங்குகிறதா, உள்ளே கல் இருக்கிறதா, சுற்றிலும் திரவம் தேங்கியிருக்கிறதா என்பதைப் படத்தில் பார்க்க வேண்டும். படம் இல்லாவிட்டால் மறுபடி ஸ்கேன். சி.டி. எடுத்த குழந்தைக்கு இன்னொரு சி.டி. என்றால் இன்னொரு முறை கதிர்வீச்சு, அதுவும் ஒரு உறை தொலைந்ததற்காக.

வண்டியில் ஒருவர்தான் ஏறலாம் என்பது உங்கள் விதி. சரி, ஆனால் அந்த ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட உரிமையுள்ளவராக இருக்க வேண்டும். பாட்டியை ஏற்றிக்கொண்டு அம்மாவை விட்டுவிட்டு வந்தால், அறுவை அரங்கு தயாராக இருந்தும் நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

கடைசியாக, கையளிப்பு. ஏற்றுக்கொண்ட மருத்துவர் யார், எந்த வார்டு என்று முன்பே சொல்லியிருந்தும் பொது அவசரப் பிரிவில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். குழந்தை அங்கே வரிசையில் முதலிலிருந்து நிற்கிறது. உங்கள் படிவத்தில் "பெற்றுக்கொண்டவர் கையொப்பம்" மட்டும் இருக்கிறது. சில படிவங்களில் வாசல் காவலர் கையொப்பம் இட்டிருக்கிறார். பார்சலுக்கு அது போதும்.

நாங்கள் கேட்பது: மேலே சொன்ன கேள்விகள் அழைப்பு மையத்தின் பட்டியலில் சேர வேண்டும். வழியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த துடிப்பும் மூச்சும் அழுத்தமும் எழுதப்பட வேண்டும். ட்ரிப்ஸ் எத்தனை மி.லி. ஓடியது என்பதும், எங்கள் செவிலியர் அல்லது மருத்துவரிடம் வாய்மொழியாக ஒப்படைத்த நேரமும் படிவத்தில் ஏற வேண்டும். இவற்றுக்கு எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

அதுவரை உங்கள் படிவத்தில் வண்டி வந்த நேரத்துக்கு எதிரே மட்டும் கையொப்பமிடுவோம். "சேவை திருப்தி" என்ற கட்டம் காலியாகவே திரும்பி வரும்.

இப்படிக்கு,
குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு