சேற்றுக் கோபுரத்தில் சிமெண்ட் ஊற்றும் முன்

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் வாரகுல், ட்ரூயின் பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டிக் குடியேறும் நம்மவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம்ம வாட்ஸாப் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். கொல்லையில் வேலியோரம் சேற்று உருண்டைகளை அடுக்கி ஒரு சாண் உயரத்துக்குக் கோபுரம், நடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. என்ன மருந்து போடலாம் என்று கேட்டிருந்தார். அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு யோசனை, அதில் சிமெண்ட் கரைத்து ஊற்றச் சொன்னதற்குத்தான் அதிக லைக். நான் யாரையும் குறை சொல்லவில்லை. நானும் தஞ்சாவூர்க்காரன்தான், வரப்பில் நண்டு வளையைக் கண்டால் மண் போட்டு மிதித்து அடைத்துவிட்டு மறுவேலை பார்க்கும் வீட்டில் வளர்ந்தவன், அடைக்காமல் விட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

ஆனால் இது வயல் நண்டு இல்லை. பண்ணைக் குட்டையில் பிள்ளைகள் நூலில் இறைச்சி கட்டிப் பிடிக்கிறார்களே, அந்த யாபி என்ற நன்னீர் கிரேஃபிஷும் இல்லை. இது மண்ணுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் கிரேஃபிஷ், அதாவது இறால் மாதிரி உடம்பும் பெரிய கொடுக்கும் உள்ள பிராணி, எங்கேயஸ் என்ற பேரினம். நம் ஊரில் நன்னீர் கிரேஃபிஷே இயற்கையில் கிடையாது என்பதால் பார்த்ததும் தெரியாதது இயல்பு. மழை பெய்த ஒரு ராத்திரி டார்ச் அடித்து ஒன்றை வளை வாயிலேயே பார்த்தேன். விரல் நீளம்தான். யாபியின் கொடுக்கு பக்கவாட்டில் விரியும், இதற்கோ மேலும் கீழுமாகத் திறக்கிறது. அந்தக் குறுகிய வளைக்குள் பக்கவாட்டில் விரிக்க இடம் ஏது? நீந்தும் வேலை குறைவு, வாலும் சிறுத்துவிட்டது.

இந்தப் பேரினத்தில் சுமார் 35 இனங்கள். டாஸ்மேனியா, விக்டோரியா, அப்புறம் நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியில் கொஞ்சம், ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. விக்டோரியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே கிடக்கும் கடலான பாஸ் நீரிணைக்கு இரண்டு பக்கமும் சில இனங்கள் இருக்கின்றன. கடலைத் தாண்டி வந்தவை இல்லை, பனியுகத்தில் அங்கே தரைப்பாலம் இருந்தது. சில இனங்களோ ஒரு ஓடை, ஒரு சரிவு என்று முடிந்துவிடும். நம் வாரகுல் பெயரிலேயே ஒன்று உண்டு, அறிவியல் பெயர் எங்கேயஸ் ஸ்டெர்னாலிஸ். 1936-இல் விலங்கியலாளர் எல்லன் கிளார்க் விவரித்தது, இந்த வட்டாரத்தை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. 1990-இல் ஆய்வாளர் பியர் ஹார்விட்ஸ் மொத்தப் பேரினத்தையும் மறுவகைப்படுத்தினார். இனம் பிரிப்பது மார்புக்கு அடியிலுள்ள அமைப்பு, மயிர், வால் என்று நுணுக்கமாகப் போகும். அதனால் கோபுரத்தின் படத்தை வைத்துக்கொண்டு “இது சாதாரண வகைதான்” என்று யாரும் சொல்லிவிட முடியாது, குழுவில் சொன்ன அண்ணன் உட்பட.

இனங்களைப் போலவே வளைகளையும் வகை பிரித்திருக்கிறார்கள், நமக்கு முக்கியம் அதுதான். ஓடைத் தண்ணீரோடு சேர்ந்த வளை ஒன்று, நிலத்தடி நீர்மட்டம் வரை இறங்கும் வளை ஒன்று, இரண்டோடும் ஒட்டாமல் சரிவில் வழியும் மழைநீரை மட்டும் நம்பியிருப்பது ஒன்று. வாய்க்கால் வெட்டி நிலத்தைக் காய வைத்தால் இரண்டாவது போச்சு. மேலே டிரைவ்வேக்குக் கான்கிரீட் போட்டு வழியும் நீரைக் குழாயில் திருப்பினால் மூன்றாவது போச்சு. வளையைத் தொடக்கூட வேண்டாம்.

வீடு கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் கட்டித்தான் இருக்கிறேன். ஓடையோரச் சதுப்பை மட்டும் மண் கொட்டி மேடாக்காமல் விடுங்கள். கோபுரம் இருக்கும் இடத்தில் குழி வெட்டுவதற்கு முன் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இங்கே வாரகுல் இனம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, பிடித்துப் பார்க்கிறேன் என்று தோண்டி வைக்காதீர்கள்.

படம் போட்டவர் இன்னும் சிமெண்ட் வாங்கவில்லை என்றால் அடுத்த மழை ராத்திரி வீட்டுக்கு வருகிறேன். டார்ச் நான் கொண்டுவருகிறேன், டீ உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ட்ரூயினில் உங்கள் பக்கத்துத் தெருக்காரன்