கோரிக்கை மனு: சிரங்கு மருந்தை வீட்டு ஆட்களைக் கணக்கிட்டுத் தர வேண்டி

பெறுநர்: உயர்திரு டவுன்ஷிப் சுகாதார அதிகாரி அவர்கள்

அனுப்புநர்: ரயில் பாதையோரத் தமிழ்க் குடியிருப்பின் சுகாதாரத் தொண்டர்கள், மோன் மாநிலம், பர்மா

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு இரண்டு மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. கோயில் கிணற்றடிக்குப் பின்னால் உள்ள வீடுகளைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே பிள்ளைகள் இரவெல்லாம் சொறிகிறார்கள்.

1. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பில் கொப்புளம், கைக்குழந்தைக்கு உள்ளங்காலிலும். இது சிரங்குப் பூச்சிதான்.

2. சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு ஒரு டியூப் தருகிறார்கள்: பூச்சியைக் கொல்லும் 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு, 30 கிராம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு, தொப்புள் விடாமல் பூச, பெரியவர் ஒருவருக்கே அது ஒரு தடவைக்குத்தான் வரும். 8 முதல் 14 மணி நேரம் ஊறவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூசவேண்டும். வீட்டில் ஆறு பேர். என்ன செய்வார்கள்? சொறிகிற பிள்ளைக்கு மட்டும் பூசுகிறார்கள். அதே பாயில் படுக்கும் தம்பிக்கும் பூச்சி ஏறியிருக்கும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். அவனிடமிருந்து அக்காவுக்குத் திரும்ப வருகிறது. உடனே "நோய் மருந்துக்குக் கேட்கவில்லை" என்று ஊழியர்கள் அட்டையில் எழுதிவிடுகிறார்கள். மருந்தில் குறையில்லை ஐயா, அளவில்தான் குறை. இதை எத்தனை தடவை எழுதுவது?

3. டியூப் தீர்ந்தால் 25 சதவீதப் பென்சைல் பென்சோயேட் என்ற பூச்சு மருந்தைத் தருகிறார்கள். சம அளவு தண்ணீர் கலக்காமல் பிள்ளைக்குப் பூசினால் சொறிந்த இடமெல்லாம் நெருப்பாய் எரியும். கலக்கச் சொல்ல ஆளில்லை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கந்தகக் களிம்பு கேட்டோம், அதுவும் இல்லை.

4. புண் சீழ் பிடித்தால் பாதிப்பு சிறுநீரகம் வரை போகலாம். முகம் வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம் போல் இறங்கிய பிறகா கண் திறப்பது? உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிப்பு என்றால் என்னவென்று எங்கள் வரிசை வீடுகளுக்கு வந்தால் தெரியும்.

5. துணி, போர்வையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி நான்கு நாள் வைப்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தலைப்பேனுக்கும் ஈரத்தலையில் பேன்சீப்பு போட்டு வாரிக்கொள்கிறோம். அதற்கு மனு இல்லை.

கேட்பது ஒன்றுதான்: இரண்டு பெரியவர், நான்கு பிள்ளைகள் என்றால், பெரியவருக்கு ஒன்று, பிள்ளைக்குப் பாதி என்று ஒரு தடவைக்கு நான்கு டியூப், இரண்டு தடவைக்கு எட்டு. எல்லா வீட்டுக்கும் ஒரே இரவில் பூச, ஜூனில் பள்ளி திறக்குமுன் தாருங்கள். தயவுசெய்து, வீட்டுக்கு ஒன்று என்று மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
குடியிருப்புச் சுகாதாரத் தொண்டர்கள்