தோராயப் பட்டாவை மறந்த கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு நிர்வாகம் காகிதத்திலிருந்து கைபேசிக்கு வந்த கதையைச் சொன்ன உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1976-ல் தேசியத் தகவலியல் மையம் தொடங்கியதில் ஆரம்பித்து, ஆதார், டிஜிட்டல் இந்தியா என்று வந்து, 2001-லேயே துறைகளின் தரவுகளை இணைக்க ஆரம்பித்த எஸ்தோனியா வரைக்கும் கட்டுரையாளர் போய்வந்துவிட்டார். கிராமக் கணக்குப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பிரிக்கப்படாத தர்மபுரி மாவட்டத்திலும், 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரியிலும் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன்.

நிலக் கணக்குக்கு எங்கள் சீமை புதிதல்ல. 1792-ல் பாராமகால் (இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து, குடியானவரிடமே நேராகத் தீர்வை பேசிப் பார்த்தார்கள். ரயத்துவாரி என்ற அந்த வரிமுறை வேர்விட்டது இங்கே.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது யு.டி.ஆர். நடந்துகொண்டிருந்தது. நிலவுடைமைப் பதிவுகளைச் சரிசெய்ய 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த திட்டம். அதில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. முதலில் தோராயப் பட்டா கொடுப்போம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இது எங்க பங்காளி பேருங்க, எம் பேரு எங்க?" என்று கேட்பார்கள். ஆட்சேபணையை விசாரித்துத் திருத்திய பிறகுதான் தூய பட்டா. அப்படியும் பிழைகள் தங்கின. பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் தாளைப் பார்க்கவே இல்லை. அனுபவத்தில் உள்ள பட்டா நிலம் புறம்போக்கு என்று ஏறியதும் உண்டு. 'யு.டி.ஆர். தப்பு' என்றால் இன்றைக்கும் தாலுகா ஆபீசில் எல்லோருக்கும் புரியும்.

அப்புறம் கணினி வந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் வந்த புதிதில் அதற்கு ஏ.சி. அறை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்தப் பக்தி இன்னும் தெளியவில்லை. அது என்ன காட்டுகிறதோ அதுதான் சரி.

எங்கள் சிட்டாவையும் (யாருக்கு எவ்வளவு நிலம் என்ற கணக்கு) 'அ' பதிவேட்டையும் (புல எண் வாரியான நில விவரம்) பார்த்துத் தட்டச்சு செய்தவர்களுக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. எங்கள் பக்கம் அண்ணன் தம்பிக்குப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று பெயர் வைப்பது சாதாரணம். முதல் பாதியை மாற்றி அடித்தால் நிலமே கைமாறிவிடும். (என் கையெழுத்துக்கும் இதில் பங்கு உண்டு, மறைப்பானேன்.) யு.டி.ஆர். தப்பும் தட்டச்சுத் தப்பும் சேர்ந்து உள்ளே போயின. இந்தமுறை யாருக்கும் தோராயப் பட்டா கொடுக்கவில்லை. என் குடும்பத்து நிலத்திலேயே அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனது. அந்த ஓர் எழுத்துக்காக நான், அதுவும் இதே துறையில் இருந்தவன், ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன்.

நன்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. சிட்டா நகல் வேண்டுமென்றால் முன்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பை வைத்துப் பிழைத்தவர்களும் எங்களில் உண்டு. இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம், வில்லங்கமும் பார்க்கலாம். ஒழியவேண்டியது ஒழிந்தது, சந்தோஷம்தான்.

ஆனால் கணினிப் பதிவின்மேல் அடுத்த மாடியைக் கட்டிக்கொண்டே போகிறார்கள். இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண். பட்டாவையும் ஆதாரையும் இணைத்துத் தருவது. பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் அங்கேயே நின்றுவிடும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாக்கள் எத்தனை! உழுகிறவர் பேரன், கணினிக்கு அவரைத் தெரியாது. இ-சேவை மையத்துப் பிள்ளை பாவம், திரையில் வருவதைத்தான் சொல்ல முடியும். யு.டி.ஆர். தப்பு என்றால் கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) என்று படியேறவேண்டும். மா பூவெடுக்கும் காலத்திலும் தக்காளி பறிக்கும் காலத்திலும் அதற்கு யாருக்கு நேரம்?

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த செயலியைக் கொண்டுவருமுன், கணினியில் இருப்பதை ஒருமுறை தோராயப் பட்டாவாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுங்கள். மூன்று மாதம் அவகாசம் விடுங்கள். ஆட்சேபணையை ஊரிலேயே உட்கார்ந்து விசாரியுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்குக் காத்திருக்க வேண்டாம். அச்சுக்கூலி ஆகும்தான். வாசித்துக் காட்ட ஆள் இல்லையென்றால், எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள் தாலுகாவுக்கு நாலு பேராவது இருக்கிறோம். பழைய பதிவேட்டில் பாதி எங்கள் கையெழுத்துதான், எங்களுக்குப் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.